தென்கோடிக் கதை – 14: ஐந்தாம் மனைவியின் வழக்கு

சென்ற வாரம் தம்பிமார் கதையில் நிறுத்தியிருந்தோம்.

1729இல் வேணாட்டு (பின்னாளைய திருவிதாங்கூர்) மன்னர் ராமவர்மா மறைந்தார். அவருக்கு ஆண் பிள்ளைகள் இருந்தார்கள். பப்புத் தம்பி, ராமன் தம்பி என்று இரண்டு பேர். ஆனால் அரியணை ஏறியவர் மருமகன் மார்த்தாண்ட வர்மா. வேணாட்டு முறை அதுதான். மன்னனின் மகன் இளவரசன் அல்ல. ‘தம்பி’ என்ற பட்டம் மட்டும் அவனுக்கு உண்டு. அரசு, மன்னனின் உடன்பிறந்தவள் வயிற்றுப் பிள்ளைக்கு.

தம்பிமார் அதை ஏற்கவில்லை. பாண்டி நாட்டுப் பக்கம் உதவி கேட்டார்கள், போராடினார்கள், கடைசியில் கொல்லப்பட்டார்கள்.

குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டில் இந்தக் கதை வேறு விதமாக வரும். அங்கே சண்டையின் தொடக்கம் ஒரு பெண் கேட்பு. மன்னர் மார்த்தாண்ட வர்மா, தம்பிமாரின் தங்கை உம்மிணித் தங்கையைக் கேட்கிறார். ‘தருகிறோம், அவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்கே அரசு என்று வாக்குக் கொடுங்கள்’ என்கிறார்கள் அண்ணன்மார். மன்னர் மறுக்கிறார். அந்த மறுப்பில் தொடங்கி, தம்பிமாரின் சாவில் முடிகிறது பாட்டு.

1891இல் சி.வி. ராமன் பிள்ளை மலையாளத்தில் எழுதிய ‘மார்த்தாண்டவர்மா’ நாவலில் இதே தம்பிமார் கொடியவர்கள். தென்கோடியின் வில்லுப்பாட்டில் அவர்கள் வஞ்சிக்கப்பட்டவர்கள். ஒரே சாவுதான். அதைக் கேட்டு எந்த ஊர் அழுகிறது, எந்த ஊர் நிம்மதி அடைகிறது என்பது, அந்த ஊரில் சொத்து யாருக்குப் போகிறது என்பதோடு பிணைந்து கிடக்கிறது.

இந்த வாரம் அரண்மனையை விட்டு வயல்வெளிக்கு வருவோம். அங்கேயும் இதே வழக்குதான் நடந்துகொண்டிருந்தது. இருநூறு ஆண்டுக் காலம்.

* * *

கன்னிப்பூ, கும்பப்பூ, காரணவர்

தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரண்டு தாலுகாக்களும் சேர்ந்ததுதான் நாஞ்சில் நாடு. பழையாற்றுப் பாசனம். கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு போகம். 1906இல் பேச்சிப்பாறை அணை முடிந்து கோதையாற்று நீர் வந்து சேர்ந்தபின் வயல்களுக்கு இன்னும் தெம்பு. நிலத்தை இங்கே கோட்டை விதைப்பாட்டில்தான் சொல்வார்கள். ஒருவன் எத்தனை கோட்டை விதைப்பாடு வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் அவன் குடும்பத்தின் மொத்த வரலாறும் தெரிந்த மாதிரி.

இந்த வயல்களில் பெரும்பகுதியை வைத்திருந்தவர்கள் வெள்ளாளர். பேச்சு தமிழ். தாலி கட்டித் திருமணம். சிவன் கோயில், முத்தாரம்மன் கோயில், தேவாரம், கம்பராமாயணம் எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்து வெள்ளாளர் வீட்டில் இருப்பது போலவே. பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் சுசீந்திரம் தாணுமாலயன் முன்னால் வந்து நிற்பார். தாணு, சிவதாணு, தாணுமாலயன் என்று வீட்டுக்கு வீடு பெயர். இன்றைக்கும் ஒருவர் பெயர் சிவதாணு என்றால் பூர்வீகம் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த வெள்ளாளருக்குள்ளேயே இரண்டு வகை. மக்கள்வழி ஒன்று, மருமக்கள்வழி ஒன்று. ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே கோயில் கொடை. மக்கள்வழி வீட்டில் தகப்பன் சொத்து மகனுக்கு. பக்கத்து மருமக்கள்வழி வீட்டில் தகப்பன் ஆண்டுகொண்டிருக்கும் சொத்து, அவன் உடன்பிறந்தாளின் பிள்ளைகளுக்கு.

மருமக்கள்வழிக் குடும்பத்தை நடத்துபவர் காரணவர். தாய்வழியில் மூத்த ஆண். நிலம் முழுவதும் அவர் கையில். ஆனால் அவருக்குச் சொந்தம் இல்லை. குடும்பம் முழுவதற்கும் பொது. விற்கவோ பிரிக்கவோ முடியாது. அவருக்குப் பின் அடுத்த மூத்தவன், அதாவது தம்பியோ மருமகனோ, காரணவர் ஆவான். அந்த வரிசையில் காத்திருப்பவர்களுக்கு அனந்தரவர் என்று பெயர்.

கேரளத்து நாயர் குடும்பங்களிலும் இதே முறைதான். ஆனால் அங்கே மனைவி பெரும்பாலும் தன் தாய் வீட்டிலேயே, தன் தறவாட்டிலேயே இருந்தாள். கணவன் வந்து போவான். பிள்ளைகள் தாய்மாமன் நிழலில், தாய்வீட்டுச் சொத்தை உண்டு வளர்ந்தார்கள். முறை முழுமையாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருந்தது.

நாஞ்சில் நாட்டில் பாதி முறைதான் வந்து சேர்ந்தது. சொத்து மலையாள முறை. திருமணம் தமிழ் முறை. தாலி கட்டிய பெண் கணவன் வீட்டுக்கு வந்தாள். அங்கேயே பிள்ளை பெற்றாள், அந்த வயலிலேயே நாற்று சுமந்தாள், அந்த வீட்டு மாட்டுக்கே புல் அறுத்தாள். கணவன் கண் மூடிய மறுநாள் அந்த வீட்டில் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள உரிமை, மருமகன் மனம் வைத்தால்தான்.

‘உகந்துடைமை’ என்று ஒன்று உண்டு. தகப்பன் உகந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பது. அதிகபட்சம் நாலில் ஒரு பங்கு. அந்தக் கால் பங்குக்காக நாகர்கோவில் கோர்ட்டில் எத்தனை குடும்பங்கள் தலைமுறைக்கும் ஏறி இறங்கின என்பதை நினைத்தால், உகப்பு என்ற சொல்லுக்கு அங்கே என்ன நேர்ந்தது என்பது விளங்கும்.

* * *

அரசன் எவ்வழி

தமிழ் பேசிய ஒரு சமூகம் இந்த முறைக்கு எப்படி வந்தது?

ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் காரணங்கள் பல. மன்னருக்கு உகந்தவர்களாக இருக்க மன்னர் வீட்டு முறையை ஏற்றுக்கொண்டார்கள் என்பது ஒன்று. மலையாள அதிகாரிகளோடு கொண்ட மண உறவுகளால் வந்தது என்பது இன்னொன்று. நிலம் துண்டாகாமல் ஒரே கையில் நிற்க இது வசதியாக இருந்தது என்பது மூன்றாவது.

மூன்றிலும் உண்மை இருக்கலாம். முதல் காரணத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு நிகழ்ச்சியைக் காட்ட முடியும்.

1750இல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் அரசு முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்தார். அன்று முதல் மன்னர் பத்மநாபதாசர். நாட்டை ஆள்பவர் தெய்வம், மன்னர் அதன் ஊழியர். திருப்படிதானம் என்று அதற்குப் பெயர். இதன் அரசியல் பயன் பெரிது. மன்னரை எதிர்ப்பவன் பத்மநாபனை எதிர்ப்பவன் ஆகிவிட்டான். தம்பிமாரைப் போல இன்னொருவர் கிளம்பி ‘மகனுக்கு ஏன் அரசு இல்லை’ என்று கேட்டால், அந்தக் கேள்வி இனி குடும்பத் தகராறு அல்ல, தெய்வக் குற்றம்.

ஒரு வீட்டின் வாரிசு முறை அப்படித்தான் ஒரு நாட்டின் பக்தியோடு கலந்தது. மருமக்கள்வழி என்பது சட்டம் மட்டும் அல்ல, மரியாதையும் ஆயிற்று. அரண்மனையில் நடப்பதைப் பெரிய வீடுகள் பார்த்தன. பெரிய வீடுகளில் நடப்பதை ஊர் பார்த்தது.

அரண்மனையில் என்ன நடந்தது? மன்னரின் மனைவி ராணி அல்ல. அவள் ‘அம்மச்சி’. ராணி என்ற பட்டம் மன்னரின் சகோதரிக்கோ சகோதரி மகளுக்கோ உரியது. மன்னர்கள் பெண் எடுத்த நான்கு பெரிய குடும்பங்களுக்கு அம்மவீடுகள் என்று பெயர். அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு. நான்கின் பெயரையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நான்கும் இன்றைய குமரி மாவட்டத்து ஊர்கள். மன்னரின் படுக்கையறை வரை போன பெண்களின் குடும்பங்கள் இந்தத் தென்கோடியின் ஊர்ப்பெயரைச் சுமந்தன. அவர்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்கு அரியணையின் கால் கூடச் சொந்தமில்லை.

மன்னரின் பிள்ளைக்கே கதி அது என்றால் தேரூரிலோ பூதப்பாண்டியிலோ இருந்த ஒரு விவசாயியின் மகன் யாரிடம் போய் முறையிடுவான்?

* * *

தேரூர்ப் பையன்

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் தேரூர். 1876ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று அங்கே சிவதாணுப் பிள்ளைக்கும் ஆதிலட்சுமிக்கும் ஒரு மகன் பிறந்தான். தேசிகவிநாயகம் என்று பெயர் வைத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் அவன் படித்தது மலையாளம். திருவிதாங்கூர் அரசின் பள்ளியில் தமிழ்ப் பையனுக்குக் கிடைத்த முதல் எழுத்து அது. தமிழ் படிக்க வேண்டும் என்றால் பக்கத்தில் வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை ஆதீனத்து மடத்துக்குப் போக வேண்டும். அங்கே சாந்தலிங்கத் தம்பிரான் இருந்தார். அவரிடம் தமிழ் படித்தான். மலையாளத்தை அரசு கொடுத்தது, தமிழை மடம் கொடுத்தது. நாஞ்சில் நாட்டின் இரட்டை வாழ்க்கை ஒரு சிறுவனின் பாடப் புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

பிற்காலத்தில் அவர் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் ஆசிரியர். 1931இல் ஓய்வு பெற்று, மனைவி உமையம்மையின் ஊரான புத்தேரியில் தங்கினார். 1954இல் அங்கேயே மறைந்தார். தமிழ்நாடு அவரைக் குழந்தைப் பாடல்களின் கவிஞராகவும், ‘ஆசிய ஜோதி’யின் ஆசிரியராகவும் அறியும். கவிமணி என்ற பட்டம் 1940இல் சென்னையில் சூட்டப்பட்டது.

நாம் இங்கே பார்க்க வேண்டியது வேறு ஒரு கவிமணியை. கல்வெட்டுப் படித்தவர். காந்தளூர்ச்சாலை பற்றி ஆராய்ந்தவர். அழகியபாண்டிபுரம் பெரிய வீட்டு முதலியார் குடும்பத்தின் பழைய ஓலைகளைத் தேடிப் படித்தவர். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்தக் குடும்பம் எப்படிச் சரிந்தது என்பதை ஓலையிலிருந்தே தெரிந்துகொண்டவர். மருமக்கள்வழியைப் பற்றி அவர் எழுத உட்கார்ந்தபோது, கையில் கவிதை மட்டும் இல்லை. ஊரின் முழுக் கணக்கும் இருந்தது.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகளின் உரிமைக்காகத் தென்கோடியில் எழுந்த மிக வலுவான குரல் அவருடையது.

* * *

அவள் பேசத் தொடங்கினாள்

1910களின் பிற்பகுதி. திருவனந்தபுரத்திலிருந்து ‘தமிழன்’ என்ற பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதில் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்ற பெயரில் ஒரு செய்யுள் தொடர் வரத் தொடங்கியது.

மான்மியம் என்றால் தலத்தின் பெருமையைச் சொல்வது. கோயில்களுக்கு எழுதுவார்கள். இதுவும் படலம் படலமாகப் புராணம் போலவே பிரிக்கப்பட்டிருந்தது. குலமுறை கிளத்துப் படலம், மாமி அரசியற் படலம், கேலிப் படலம், கடலாடு படலம் என்று பதினொன்று. படலத்தின் பெயரைப் படித்தவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். உள்ளே போன பிறகு சிரிப்பு நின்றிருக்க வேண்டும்.

ஏனென்றால் உள்ளே பேசுபவள் ஒரு பெண்.

கவிமணி எடுத்த எல்லா முடிவுகளிலும் பெரியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். மருமக்கள்வழியை எதிர்த்து ஒரு மகன் பேசியிருக்கலாம். சொத்து கிடைக்காத மகனின் கோபம் நியாயமானது. கோர்ட்டிலும் சபையிலும் அதுவரை கேட்ட குரலும் அதுதான். ஒரு சீர்திருத்தக்காரர் பேசியிருக்கலாம். கவிமணி இரண்டையும் விட்டார். ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்.

அவளுக்கு முன் நான்கு பேர். அந்த முறையில் ஆணுக்கு மணம் செய்வதும் எளிது, விலக்குவதும் எளிது; மனைவியும் மக்களும் குடும்பச் சொத்தில் பங்குதாரர் இல்லை என்பதால் ஒருத்தியை அனுப்பிவிட்டு இன்னொருத்தியைக் கொண்டுவருவதற்குப் பெரிய செலவு கிடையாது. ஐந்தாவதாக வந்தவள் அந்த வீட்டின் கடைசிப் படியில் நிற்கிறாள். மாமியாரின் ஆட்சி. நாத்தனார்களின் அதிகாரம், ஏனென்றால் வீடு அவர்களுடையது, அவர்கள் பிள்ளைகளுடையது. நாளைக்குக் காரணவர் ஆகப்போகும் மருமக்களின் ஏளனம். உழைப்பு அவளுக்கு, உரிமை அவர்களுக்கு.

அவள் புலம்பவில்லை. கணக்குச் சொல்கிறாள். யார் என்ன சாப்பிட்டார்கள், யாருக்கு எந்தத் துணி வந்தது, எந்தப் பிள்ளை அடி வாங்கியது, எந்த வழக்கில் எந்த வயல் போனது என்று அடுக்களையிலிருந்து எழுந்துவந்த கணக்கு அது. நாஞ்சில் நாட்டுப் பேச்சு அப்படியே செய்யுளில் வந்து இறங்கியது. பழமொழி, வசவு, ஊர்ப் பெயர், பலகாரப் பெயர் எல்லாம் அதில் உண்டு. படித்தவர்களுக்கு ஒவ்வொரு பாத்திரமும் தங்கள் தெருவில் இருந்தது.

‘கோடேறிக் குடிமுடித்த படலம்’ என்று ஒரு படலம். காரணவருக்கும் அனந்தரவருக்கும் வழக்கு. காரணவர் குடும்பச் சொத்தைத் தன் மனைவி மக்களுக்குக் கடத்துகிறார் என்று மருமக்கள் கோர்ட்டுக்குப் போகிறார்கள். அவர் எதிர்வழக்காடுகிறார். இரு பக்கத்துச் செலவும் ஒரே நிலத்திலிருந்து. வழக்கு முடிவதற்குள் குடும்பம் முடிந்துவிடுகிறது. இது கவிஞரின் கற்பனை அல்ல. காரணவர்மீது வழக்குத் தொடுப்பது அந்தத் தலைமுறையின் அன்றாடம். தன் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது செய்ய நினைக்கும் ஒரு தகப்பன் சட்டத்தின் கண்ணில் திருடன் ஆகிறான். தன் பங்கைக் காக்க நினைக்கும் மருமகன் மாமனை எதிரியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. நல்ல மனிதர்களும் அந்த முறைக்குள் போனால் மோதியே தீர வேண்டும்.

இதற்கு முன்பே மலையாளத்தில் இலக்கியம் இந்த வேலையைத் தொடங்கியிருந்தது. 1889இல் சந்து மேனோன் எழுதிய ‘இந்துலேகா’, தறவாட்டுக் காரணவரின் அதிகாரத்தை நேருக்கு நேர் நின்று கேட்ட ஒரு பெண்ணின் கதை. அடுத்து 1891இல் மலபாரில் திருமண முறையை ஆராய ஒரு குழு அமைந்தது. சந்து மேனோனும் அதில் உறுப்பினர். 1896இல் சட்டம் வந்தது. இந்துலேகா படித்த பெண், ஆங்கிலம் தெரிந்தவள், காதலனைத் தானே தேர்ந்தவள். மான்மியத்தின் பெண்ணுக்கு அதில் எதுவும் இல்லை. அவளிடம் இருந்தது வாய் ஒன்றுதான்.

* * *

கொல்லம் ஆண்டு 1101

இனிச் சட்டம் வந்த கதை.

திருவிதாங்கூரில் 1888லேயே சட்டசபை வந்துவிட்டது. 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை ஏற்பட்டது. ஆண்டுக்கொருமுறை ஊர்ப் பிரதிநிதிகள் அரசின் முன் எழுந்து நின்று குறை சொல்லலாம். நிலவரி கட்டுகிறவர்கள், படித்தவர்கள், வியாபாரிகள் ஆகியோருக்கே இடம்; ஆனாலும் சமஸ்தானங்களில் அது பெரிய காரியம். வீட்டுக்குள் நடந்ததைச் சபைக்குள் கொண்டுவர ஒரு வாசல் கிடைத்தது.

மருமக்கள்வழிக்கு மலையாளத்தில் மருமக்கத்தாயம் என்று பெயர். 1908இல் அதை ஆராய அரசு ஒரு குழு வைத்தது. 1912இல் முதல் நாயர் சட்டம் வந்தது. அது பாதிச் சட்டம். குடும்பத்தைப் பிரிக்க வழி சொல்லவில்லை. படித்து வேலைக்குப் போன இளைஞர்கள் விடவில்லை. சம்பளம் வாங்குகிறவன் தன் சம்பாத்தியத்தைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க நினைக்கிறான். வயல் மட்டுமே சொத்தாக இருந்த காலத்து முறை, சம்பளப் பணத்தின் முன் நிற்க முடியாமல் ஆடியது. 1925இல் இரண்டாம் நாயர் சட்டமும் ஈழவர் சட்டமும் நிறைவேறின. தறவாடுகளைப் பாகம் பிரிக்க வழி திறந்தது.

அடுத்து நாஞ்சில் நாடு. கொல்லம் ஆண்டு 1101, அதாவது 1926இல், நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது. தகப்பன் தேடிய சொத்தில் மனைவிக்கும் மக்களுக்கும் வாரிசுரிமை. கூட்டுச் சொத்தைப் பாகம் பிரித்துக்கொள்ள உரிமை. ஐந்தாம் மனைவி கேட்டதன் சாரம் இவ்வளவுதான். மான்மியம் வெளிவந்து பத்து ஆண்டு ஆவதற்குள் அது சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

ஒரு கவிதையால் சட்டம் வந்தது என்று சொல்வது மிகை. நாயர் சட்டம் முன்னால் போனது. சம்பளமும் படிப்பும் பின்னால் தள்ளின. ஆனால் நாஞ்சில் நாட்டில் சட்டம் வந்த அன்று, அதை எதிர்த்து நின்றவர்களின் நியாயத்தை ஊர் மதிக்காமல் போனதற்கு மான்மியம் பெரிய காரணம். ஒரு முறையைப் பார்த்து ஊரே சிரித்த பிறகு அதற்குப் பழைய மரியாதை திரும்புவதில்லை.

இங்கே நின்று ஒரு காட்சியைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சட்டத்தின் காலத்தில் திருவிதாங்கூரை ஆண்டவர் ஒரு பெண். பூராடம் திருநாள் சேது லட்சுமி பாய். 1924 ஆகஸ்டில் மன்னர் மூலம் திருநாள் மறைந்தபோது வாரிசான சித்திரைத் திருநாளுக்கு வயது பன்னிரண்டு நிறையவில்லை. அதனால் 1924 முதல் 1931 வரை மகாராணி ரீஜண்டாக ஆட்சி செய்தார். கோயில்களில் உயிர்ப்பலியை நிறுத்திய துணிச்சல்காரர்.

அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார்? மருமக்கள்வழியால். அரச குடும்பத்தில் பெண் வாரிசு இல்லாமல் போனதால் 1900இல், ஐந்து வயது நிறையாத குழந்தையாக, மாவேலிக்கரையிலிருந்து தத்தெடுக்கப்பட்டவர். தாய்வழி அற்றுப்போகக் கூடாது என்பதற்காகக் கொண்டுவரப்பட்ட பெண். மன்னரின் மனைவிக்குக் கிடைக்காத மகாராணிப் பட்டம் அவருக்குக் கிடைத்தது அந்த முறையால்தான். அவருடைய ஆட்சியில்தான் நாயருக்கும் ஈழவருக்கும் நாஞ்சில் நாட்டு வெள்ளாளருக்கும் அந்த முறையைக் கலைக்கும் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

அரண்மனையில் மருமக்கள்வழி நிலைத்தது. குடிகளின் வீட்டில் போயிற்று. 1750இல் போட்ட முடிச்சு அவிழ்ந்தது அப்போதுதான்: மன்னர் குடும்பத்தின் முறையைப் பின்பற்றுவதுதான் குடிமகனின் தர்மம் என்ற எண்ணத்தை, மன்னர் குடும்பமே விட்டுக்கொடுத்தது.

* * *

சகோதரியின் பக்கம்

இந்தக் கதையை வெற்றிக் கதையாகவே முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

மான்மியத்தில் பேசுபவள் மனைவி. அதில் நாத்தனாருக்கு நல்ல முகம் இல்லை. ஆனால் அதே வீட்டில் நாத்தனாராக இருந்தவளும் வேறொரு வீட்டில் மனைவி. அங்கே அவள் விரட்டப்பட்டால், கணவன் இறந்தால், திரும்பி வர ஒரு வீடு இருந்தது. அண்ணன் தயவில் வரவில்லை, உரிமையில் வந்தாள். அவள் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது குடும்பத்தின் கடமை. அக்காலத் தமிழகத்தின் மற்ற பகுதிகளில் பிறந்த வீட்டுச் சொத்தில் இவ்வளவு நிலையான இடம் எந்தப் பெண்ணுக்கு இருந்தது?

சட்டம் வந்து பாகம் பிரிந்தபோது சகோதரிகளுக்கும் பங்கு வந்தது. வந்த பங்கு அவர்கள் பிள்ளைகளின் பெயருக்கும் கணவர்களின் கைக்கும் போயிற்று. ஒரு தலைமுறையில் வீடு மகன்களின் வீடு ஆயிற்று. காரணவரின் அதிகாரம் ஒழிந்தது. அந்த இடத்தில் தகப்பனின் அதிகாரம் வந்து உட்கார்ந்தது. மனைவி பெற்ற உரிமை உண்மையான உரிமை. சகோதரி இழந்ததும் உண்மையான இழப்பு. முதலாவதைப் பாட ஒரு கவிமணி இருந்தார். இரண்டாவதைப் பாட யாரும் வரவில்லை. வரலாறு எழுதுகிறவர்கள் அதையும் எழுத வேண்டும்.

நிலம் என்ன ஆயிற்று? துண்டானது. பெரிய குடும்பங்கள் நாலு கோட்டை, இரண்டு கோட்டை என்று பிரிந்தன. விற்கக் கூடாத நிலம் விற்கக்கூடியதாக மாறியது. விற்றவர் ஒரு சாதி, வாங்கியவர் பல சாதி. காசு சேர்த்திருந்தவர்கள், தோட்டத்திலும் வியாபாரத்திலும் முன்னேறியவர்கள் நிலச் சந்தைக்குள் வந்தார்கள். வீட்டுக்குள் வாரிசு முறை மாறியதன் விளைவு ஊரின் அதிகாரத்தையே அசைத்தது.

1956இல் டெல்லியில் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான அந்தச் சட்டத்தின் தொடக்கத்திலேயே, மருமக்கத்தாயம் என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், திருவிதாங்கூர் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு தாலுகாக்களின் வீட்டு வழக்கு ஒரு நாட்டின் சட்டத்தில் இடம் பிடித்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தை விட்டுத் தமிழகத்தோடு சேர்ந்தன.

அந்த நவம்பருக்கு வருவதற்கு முன் ஒரு பத்தாண்டு இருக்கிறது.

1945 டிசம்பர். நாகர்கோவிலில் திருவிதாங்கூர்த் தமிழர்களுக்கென்று ஒரு காங்கிரஸ் உருவாகிறது. மொழியின் பெயரால் எல்லாத் தமிழரும் ஒரே அணியில் நிற்க வேண்டும் என்கிறார்கள். நாஞ்சில் நாட்டில் வெள்ளாளர். மேற்கே கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் நாடார். தோள்சீலைக்காக நாடார் பெண்கள் அடிபட்டு, 1859இல் மேலாடைக்கு அரசு அனுமதி வாங்கிய மண் இது. அந்தப் போராட்டத்தில் எதிர்ப்பக்கம் நின்ற மேல்சாதிகளில் வெள்ளாளரும் உண்டு. அந்த நினைவு இரண்டு பக்கமும் ஆறவில்லை. மருமக்கள்வழி போன வீடுகளில் மலையாள அரசின் மீது பழைய பற்றும் முழுவதும் போய்விடவில்லை. அரசு உத்தியோகம் இன்னும் திருவனந்தபுரத்தில்தான் இருந்தது.

விளவங்கோட்டுப் பள்ளியாடியில் 1895இல் பிறந்த ஒரு நாடார் கிறிஸ்தவ வக்கீல், நாகர்கோவில் கோர்ட்டில் பெயர் எடுத்துக்கொண்டிருந்தார். நேசமணி என்று பெயர். நான்கு தாலுகாக்களும் அவர் பின்னால் வந்தால்தான் தமிழகத்தோடு சேரும் போராட்டம் நிலைக்கும்.

சுசீந்திரத்துத் தாணுமாலயன் பெயர் சுமந்த குடும்பங்கள், பள்ளியாடி வக்கீலைத் தங்கள் தலைவர் என்று ஏற்றுக்கொள்ளுமா?

(அடுத்த வாரம்)